இரண்டு எஸ்.ஐ.க்கள்

2002 குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எதிரெதிரே நின்ற பைரோன் சிங் ஷெகாவத், சுசில்குமார் ஷிண்டே இருவருமே ஒரு காலத்தில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்கள்! ஜெயித்தது ஷெகாவத். எனக்குப் பிடித்த கதை தோற்றவருடையது.

ஷிண்டே சோலாப்பூர்க்காரர், தலித் குடும்பம். ஊர் நீதிமன்றத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவர், 1965-ல் மகாராஷ்டிர போலீசில் சேர்ந்து சி.ஐ.டி.யில் வேலை பார்த்தார். சரத் பவார் அரசியலுக்கு இழுத்துவந்தார். 1974-ல் கர்மாலா எம்.எல்.ஏ., அப்புறம் மாநில அமைச்சர், முதல்வர், ஆந்திர ஆளுநர் என்று போய்க்கொண்டே இருந்தார்.

2012 ஜூலை 31-ஐத்தான் மறக்க முடியாது. அன்று அவர் மத்திய மின்துறை அமைச்சர். வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மொத்தமாகப் படுத்துவிட்டன. 60 கோடிப் பேருக்குமேல் வாழும் பகுதிகளில் கரண்ட் இல்லை. அதே நாளில் அவருக்கு உள்துறை! கரண்ட் போனதற்குப் பிரமோஷனா என்று நாடே சிரித்தது. சரி, முன்னாள் எஸ்.ஐ. உள்துறை அமைச்சரானதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

2014-லும் 2019-லும் மக்களவைத் தேர்தலில் சொந்த சோலாப்பூரிலேயே தோற்றார். 2024-ல் அங்கே ஜெயித்தது மகள் பிரணிதி.