மஞ்சள் சட்டை என்னுடையது, போஸ்டர் உங்களுடையது

டிசைன் ஏஜென்ஸி ஆரம்பித்த புதிதில் முதல் பெரிய மீட்டிங்குக்குக் கறுப்பு பிளேஸர் போட்டுக்கொண்டு போனேன். தோழியிடம் இரவல் வாங்கியது, தோள் இரண்டு விரற்கடை இறங்கி நிற்கும். கையில் அப்பாவின் பெரிய வாட்ச் வேறு. எனக்கு 26 வயதுதான் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது திட்டம். லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே உட்கார்ந்திருந்தவர் ரொம்ப அன்பாகக் கேட்டார்: "உங்க சார் எப்பம்மா வருவாரு?"

"நான்தாங்க அந்த சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை, அதற்குக் காரணம் நாங்கள் சொன்ன தொகை. ஆனாலும் அன்று சாயங்காலமே பிளேஸரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வழக்கமான உடுப்புக்கு வந்துவிட்டேன்: தொளதொளவென்று ஆண்கள் சட்டை, முழங்கை வரை மடித்த கை, நிறம் பெரும்பாலும் மாம்பழ மஞ்சள். ஏன் மஞ்சள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதற்கப்புறம் போன இடங்களில் என் பெயர் மறந்துபோனவர்களுக்குக்கூட "அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணு" ஞாபகம் இருந்தது. புது ஏஜென்ஸிக்கு இது சின்ன விஷயமில்லை, ஒரே வாரத்தில் நான்கு ஏஜென்ஸிகளிடம் பிட்ச் (வேலை கேட்டு வந்து தரும் விளக்கம்) கேட்பவருக்கு முகங்கள் குழம்பிப்போகும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சட்டையோடு நிற்க வேண்டியதை நான் வேலைக்குள்ளும் கொண்டுபோய்விட்டேன்.

இரண்டாவது வருடம் போர்ட்ஃபோலியோவைப் புதுப்பிக்க அதுவரை செய்த 14 வேலைகளையும் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பினோம். 11-ல் மஞ்சள். தடித்த எழுத்து, சுற்றிலும் தாராளமாக வெற்றிடம், மூலையில் ஒரு கோணல் வட்டம். எனக்குப் பெருமையாக இருந்தது, உண்மையாகவே. "பாருங்க, நமக்குன்னு ஒரு ஸ்டைல் வந்துடுச்சு" என்று டீமிடம் சொன்னேன். கணக்கு வழக்கும் எழுத்து வேலையும் பார்க்கும் என் பார்ட்னர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துபவர் எங்கள் டிசைனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அழகா இருக்கும்மா. ஆனா இது உங்க கம்பெனிக்குப் போஸ்டர் மாதிரி இருக்கு."

இரண்டு நாள் அவர் மேல் கோபம். ரசனை கெட்ட ஆள் என்று பார்ட்னரிடம் புலம்பினேன். மூன்றாவது நாள் அவருடைய கிளினிக்குக்குப் போய் வெயிட்டிங் ரூமில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வயதானவர்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பார்கள், சுவரில் உள்ளதைப் படிக்க எழுந்து கிட்டே போகவே மாட்டார்கள். எங்கள் போஸ்டரிலோ செய்ய வேண்டிய பயிற்சி எல்லாம் கீழே பொடி எழுத்தில்! போதாக்குறைக்கு, ஆங்கிலத்துக்குப் போட்ட லேஅவுட்டில் தமிழை அப்படியே ஊற்றியிருந்தோம். மேல் வரியில் 'ழு'வின் வால் இறங்குகிறது, கீழ் வரியில் 'டீ'யின் சுழி எழும்புகிறது, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும், சொற்களும் நீளம், அதனால் வரி இடைவெளியைக் கூட்டியே ஆக வேண்டும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. வரிகள் நெருக்கமாக இருந்தால் 'என் ஸ்டைல்' போல இருக்கிறது என்று கண்டும் காணாமல் விட்டிருந்தேன்.

திரும்பச் செய்தோம். ஒரு போஸ்டருக்கு ஒரே பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்கிற அளவு எழுத்து. அங்கே நடை பழகப் பிடித்துக்கொள்ளும் மரக்கம்பிகள் இரண்டு இருந்தன, பல வருடம் பல கைகள் பட்டுப் பளபளவென்று தேய்ந்த பழுப்பு. அந்த நிறத்தையே எடுத்துக்கொண்டோம். மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

உள்ளே டீமிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ஆறே மாதத்தில் தொளதொளச் சட்டைக்கு மாறிவிட்டான். அவன் டிசைனிலும் மூலையில் கோணல் வட்டம். ஸ்டீவ் ஜாப்ஸ் கதை ஒன்று உண்டு: சோனி ஊழியர்களின் யூனிஃபார்மைப் பார்த்து ஆசைப்பட்டு, ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயிடம் சொல்லி ஆப்பிள் ஆட்களுக்கும் ஒன்று வடிவமைக்கச் சொன்னாராம். ஊழியர்கள் கூச்சலிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில் அவருக்கு மட்டும் மியாகே கறுப்பு டர்டில்நெக்குகளைத் தைத்துக் கொடுத்தார், மிச்ச காலத்துக்கு அதுவே அவர் அடையாளம். அங்கே கூச்சல் போட ஆள் இருந்தது, ஐந்து பேர் இருக்கிற ஆபீஸில் முதலாளி போடுகிற சட்டையை யார் எதிர்ப்பது? நான் யூனிஃபார்ம் கொடுக்கவே இல்லை, அதுவாகவே வந்துவிட்டது.

அந்தத் தம்பியின் நோட்டை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். பால்பாயின்ட் பேனாவில் பக்கம் முழுக்கப் பொடிப்பொடிக் கிறுக்கல், ஆட்கள், குடைகள், செருப்புகள். "இதை ஏன்டா காட்டவே இல்ல?" என்றால், "இது நம்ம ஸ்டைல் இல்லயேக்கா" என்கிறான். சுருக்கென்றது. அடுத்து வந்த குழந்தைகள் நூலக வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. (பொய். இரண்டு முறை எட்டிப் பார்த்தேன்.)

அப்படியானால் ஏஜென்ஸிக்கு என்று தனி முகமே வேண்டாமா என்றால், வேண்டும், அது வேலை செய்கிற முறையில் இருக்கட்டும் என்கிறேன். 1986-ல் அமெரிக்க டிசைனர் பால் ராண்ட், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு லோகோ செய்தார். ஒரு லட்சம் டாலர், ஒரே ஒரு டிசைன், அது எப்படி வந்தது என்பதை விளக்க ஒரு சின்னப் புத்தகம். மூன்று ஆப்ஷன் கொடுக்கிற பேச்சே கிடையாது. இதைப் படித்த வேகத்தில் நானும் ஒரு கிளையண்ட்டிடம் ஒரே டிசைனோடு போனேன். "மத்த ரெண்டு எங்க?" என்றார். ராண்டுக்கு அப்போது 70 தாண்டிவிட்டது, பின்னால் ஐபிஎம் லோகோ செய்த பெயர் இருந்தது, என் பின்னால் ஒரு மஞ்சள் சட்டை மட்டும்தான். அதனால் இரண்டு ஆப்ஷன் காட்டுகிறோம், எதை நாங்கள் தேர்ந்தெடுப்போம் என்பதையும் ஏன் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பாதிப் பணம் முதலில், இரண்டு முறைவரை திருத்தம், மூன்றாவதுக்குத் தனிக் காசு. இன்வாய்ஸைக்கூட மனிதர் பேசுகிற தமிழில் எழுதுகிறோம், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே லேட்டாகப் பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், சரி.

சட்டை மட்டும் இன்னும் மஞ்சள்தான்.

போன வாரம் அந்த கிளினிக்காரர் சொல்லி ஒருவர் வந்தார். சுவரில் மாட்டியிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், நூலகத்துப் பொடி ஆட்களிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "இதெல்லாம் ஒரே ஆள் பண்ணினதா?" என்று கேட்டார். அஞ்சு பேருங்க என்றேன். தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அட்வான்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.