மலை பச்சை இல்லை

வாட்டர்கலர் ஓரளவு கைக்கு வந்துவிட்ட தைரியத்தில் ஆயில் பெயின்டிங்குக்குப் போனவன் நான். முதல் வருடம் வரைந்ததில் பாதி பரணில் கிடக்கிறது. இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் படம், அம்பாசமுத்திரம் பக்கம் வயலுக்குப் பின்னால் தெரியும் பொதிகை மலை. சின்ன வயதில் ஒவ்வொரு லீவுக்கும் பார்த்த இடம், கண்ணை மூடினாலே வந்துவிடும் என்று வீட்டில் உட்கார்ந்தே வரைந்தேன், மலைக்கு நல்ல பச்சையாக அடித்தேன், மரம் இருக்கிற மலை பச்சைதானே! அடுத்த முறை ஊருக்குப் போய்ப் பார்த்தால் அது சாம்பல் கலந்த நீலம். தூரம் கூடக் கூட நடுவில் இருக்கும் காற்று நிறத்தை வெளிற வைத்து நீலத்துக்கு இழுத்துவிடுகிறது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசமும் குறைந்துவிடுகிறது. மனசு மலையை வைத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிட்டது.

அப்புறம்தான் நோட்டோடு வயலுக்கே போக ஆரம்பித்தேன். ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கிலேய ஓவியர் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களாகவே வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார். அதையே செய்யுங்கள். "காலை 7, வெயில் இடப்பக்கம், வரப்பு வானத்தைவிட இருட்டு, தண்ணீரில் தெரியும் வானம் இன்னும் கொஞ்சம் மங்கல்" என்று நாலு வரி இருந்தால் மூன்று வாரம் கழித்தும் வரையலாம். போட்டோவை மட்டும் நம்பினால் நிழலெல்லாம் கரியாக வந்து நிற்கும்.

இரண்டாவது படத்தில் வேறு கூத்து. அடிப்பூச்சில் லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) தாராளமாக ஊற்றிவிட்டு, மேலே கலரை நீர்க்க வைத்துச் சீக்கிரம் ஆவியாகிவிடும் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக அடித்தேன், சில மாதத்தில் வானம் காய்ந்த குளத்து வண்டல் மாதிரி வெடித்தது. ஆயில் கலர் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. அடி இறுகுவதற்குள் மேல்பூச்சு விறைத்துவிட்டால் கீறல்தான். அடியில் டர்பன்டைன், மேலே போகப் போக எண்ணெய், அவ்வளவுதான்.

கருப்பு ட்யூப் வாங்காதீர்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்த்தால் கிட்டத்தட்ட கருப்பே வரும், அதிலேயே வெள்ளை கலந்தால் தூரத்து மலைக்கு வேண்டிய சாம்பல். வெள்ளை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப் போடுங்கள்.

அந்தப் பச்சை மலையைத் தூக்கிப் போடலாம் என்றால் அம்மா விடவில்லை. அதுதான் நம்ம ஊர் மாதிரி இருக்கிறதாம்.