கிணறு தோண்டியவர்தான் மூடவும் வேண்டும்

ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு வடமேற்கே சுமார் 550 கிலோமீட்டர், திமோர் கடலில் கடலடிக் கிணறுகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் 'நார்தர்ன் எண்டெவர்' என்ற கப்பல் பல வருடம் நங்கூரமிட்டு நின்றது. நன்றாக எண்ணெய் வந்த காலத்தில் அதை நடத்தியது வுட்சைடு என்ற பெரிய ஆஸ்திரேலிய எண்ணெய் நிறுவனம். ஊற்று வற்றிக்கொண்டு வந்தபோது, 2016இல் அதை ஒரு சின்னக் கம்பெனியிடம் கைமாற்றிவிட்டது. 2019இல் கப்பல் துருப்பிடித்து ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லி, பாதுகாப்பு ஆணையம் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த வருடமே அந்தக் கம்பெனி திவால்.

அப்புறம்? கிணறுகளை அடைப்பது, குழாய்களைக் கழுவுவது, கப்பலை இழுத்துப்போவது எல்லாம் அரசாங்கத்தின் தலையில். செலவை ஈடுகட்ட, கடலில் பெட்ரோலியம் எடுக்கும் எல்லா நிறுவனங்கள் மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் வரி போட்டார்கள். நிறுவனங்கள் முனகின. மக்கள் வரிப்பணத்தைத் தொடாமல் தொழிலிடமே வாங்கியது சரிதான் என்பேன். விற்றுவிட்டாலும் மூடும் வேலைக்குப் பழைய உரிமையாளரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று பிறகு சட்டத்தையும் திருத்தினார்கள்.

எனக்கு அதுவும் போதவில்லை. எண்ணெய் வயல் வற்றிய பிறகு யாரைத் துரத்திப் பிடிப்பது? கொழிக்கிற காலத்திலேயே, எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கொஞ்சம் பணத்தை, கம்பெனி கைவைக்க முடியாத கணக்கில் கட்டாயமாகப் போட வைக்க வேண்டும். புது உரிமம் கேட்டு வருகிறவர்களுக்கு இதுதான் முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.