ஒரு ஃப்ரெட் தள்ளி

நவம்பர் 8, கொடைக்கானல்

மூன்று நாளாக மழை. சும்மா கிட்டாரைத் தடவிக்கொண்டிருந்தபோது விரலில் ஒரு வரிசை சிக்கியது. கனத்த இ கம்பியைத் திறந்தபடி ஒரு மீட்டு, அப்புறம் 1, 4, 5, 7, 8, 10, 12-ஆம் ஃப்ரெட்கள், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள். ஒன்றிலிருந்து நாலுக்குத் தாவும் இடம் ஏதோ பாலைவனத்துப் பாட்டு மாதிரி கேட்கிறது. செல்போன் ஆப்பில் ஸ்வரங்களைத் தட்டினால் 'ஏ ஹார்மானிக் மைனர்' என்கிறது. காது ஒப்பவில்லை.

நவம்பர் 9

ஆப் சொன்னதில் தப்பில்லை. ஏழு ஸ்வரமும் அதேதான். ஆனால் நான் ஏ-யில் போய் நிற்கவே இல்லை. கட்டைவிரல் இ கம்பியை விடாமல் மீட்டிக்கொண்டிருந்தது. ஆதார ஸ்வரம், அதாவது பாட்டு வந்து நிற்கும் ஸ்வரம், இ என்றால் பெயர் பிரிஜியன் டாமினன்ட். ஸ்பானிஷ் பிரிஜியன் என்றும் சொல்வார்களாம், யூதர்களின் இசையில் ஃப்ரெய்கிஷ். ஊருக்கொரு பட்டப்பெயர். விரலை எங்கே வைப்பது என்று ஒன்றும் சொல்வதில்லை.

நவம்பர் 12

கீழ்வீட்டு டீச்சர் மலைப்பூண்டு ரசம் கொண்டுவந்தார். ரிட்டயர்ட் பாட்டு டீச்சர், வீணையும் வாசிப்பார். வரிசையை வாசித்துக் காட்டினேன்.

"வகுளாபரணம் தம்பி. உன் ஹார்மானிக் மைனர்தான் நம்ம கீரவாணி. அதுல பஞ்சமத்தை, அதாவது ப-வை, ஷட்ஜமா, ஸ-வா வெச்சா இதுதான் வரும். எங்க, அந்த 10-ஐ 11 ஆக்கு."

ஆக்கினேன். மாயாமாளவகௌளை! சின்னப் பிள்ளைகள் சரளி வரிசை பாடும் ராகம். கிட்டார்க்காரர்கள் இதையே பைசான்டைன் என்று ஏதோ அபூர்வச் சரக்குபோல வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி கணக்கு சொல்லிக்கொடுத்தார். பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட வேண்டும். வ 4, கு 1, திருப்பினால் 14. மா 5, யா 1; 15. அதுவே ஏழு ஸ்வர அடிப்படை வரிசைகளான 72 மேளத்தில் அதன் இடம். பெயரிலேயே விலாசம் இருக்கிறது. 14-க்கும் 15-க்கும் நடுவில் ஒரே ஒரு ஃப்ரெட்.

"ஆனா நீ வாசிச்சது மேளம், ராகமில்ல. ஸ்வரத்தை அசைச்சு வளைக்கிற கமகம் எங்க?" என்று கேட்டுவிட்டு, ரசக் கிண்ணத்தை நாளைக்குக் கொடுத்தால் போதும் என்று இறங்கிப் போனார்.

நவம்பர் 13

காலையில் கம்பியை இழுத்து இழுத்து விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 15

புதிதாக ஒன்று: 0, 2, 3, 6, 7, 8, 11. ஹங்கேரியன் மைனர். நம்மிடம் சிம்மேந்திரமத்யமம். கணக்கை நானே போட்டேன். ச 6, ம 5, திருப்பினால் 56. பெருமையாகக் கிண்ணத்தோடு கீழே போனேன்.

"தமிழ்ல எழுதிப் பாத்தியா? அது ச இல்ல, ஸ. ஸ-வுக்கு 7. மேளம் 57."

அப்போ 56 எது?

"ஷண்முகப்ரியா. 11-ல இருக்கிற விரலை 10-க்கு எடு."

மறுபடி அதே ஒரு ஃப்ரெட். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல நின்னா பழனி தெரியிற ஊரு. தப்பாக் கணக்குப் போட்டாலும் முருகன் பேர்லதான் போய் விழுற!"