கணையக் கல்லும் சாப்பாட்டுக்கு நடுவே ஒரு கேப்ஸ்யூலும்

குடிப்பழக்கம் இல்லாத இளைஞர். ஒல்லியான உடம்பு. ரத்தச் சர்க்கரை 400-ஐத் தொடுகிறது, ஆனால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் அறவே இல்லாதபோது கொழுப்பு கரைந்து வரும் பொருள்) இல்லை. இப்படி ஒருவர் சர்க்கரை ஓபிக்கு வந்தால் வயிற்றைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே விட்டுவிட்டு வலி, முதுகுவரை பாயும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று சொன்னால் பாதி நோய் பிடிபட்ட மாதிரிதான். அதுவரை 'கேஸ்', 'அல்சர்' என்று மாத்திரை எழுதி அனுப்பியிருப்பார்கள்.

இதுதான் வெப்பமண்டலக் கணைய அழற்சி. கணையம் நாள்பட்டு அழன்று, அதற்குள் கல் சேர்ந்து, செரிமான நொதியும் இன்சுலினும் சுரப்பது குறைந்துபோகும் நோய். 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைத் தொகுத்தார். பழி முதலில் மரவள்ளிக்கிழங்கின் மேல் விழுந்தது. கிழங்கே சாப்பிடாதவர்களுக்கும் இது வருகிறது. பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் "மரவள்ளி சாப்பிடுவீங்களா?" என்று கேட்கும் பழக்கம் நம்மை விடவில்லை.

முதலில் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே எடுத்தாலே போதும். முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டி, பெரும்பாலும் வலப்பக்கம், பெரிய பெரிய கற்கள் வெள்ளையாகத் தெரியும். கல் முள்ளெலும்பின் நிழலில் மறையலாம், அல்ட்ராசவுண்டில் குடல் வாயு கணையத்தை மறைக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் சிடி எடுங்கள்.

அடுத்தது, கணையம் சுரக்கும் நொதி போதுமா என்று பார்க்க வேண்டும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நொதி குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். 100-க்குக் கீழே என்றால் கடுமை. தண்ணீராகப் போகும் மலத்தைக் கொடுத்தால் நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைந்து காட்டும், கெட்டியான மாதிரிதான் வேண்டும். நொதிக் குறைவுக்காகச் சாப்பிடும் கேப்ஸ்யூலைப் பரிசோதனைக்காக நிறுத்த வேண்டியதில்லை. பரிசோதனை மனித எலாஸ்டேஸை மட்டுமே அளக்கிறது, கேப்ஸ்யூலில் இருப்பது பன்றியின் நொதி.

பெரும்பாலும் கோட்டை விடுவது கேப்ஸ்யூலில்தான். முழுச் சாப்பாட்டுக்கு லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) 25,000 முதல் 50,000 யூனிட் வரை, டிபன், பலகாரத்துக்குப் பாதி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போட்டால் பிரயோஜனமில்லை. முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று பிரித்துப் போட வேண்டும். உள்ளே இருக்கும் குருணைகளை மெல்லக்கூடாது. அவற்றின் மேல்பூச்சு அமிலம் குறைந்த சிறுகுடலில்தான் கரையும். நோயுற்ற கணையம் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட்டும் சரியாகச் சுரக்காததால் அங்கேயும் அமிலம் தங்கிவிடுகிறது. எனவே அளவு சரியாக இருந்தும் எண்ணெய் மிதக்கும் மலம் நிற்கவில்லை என்றால் அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொதிக்கிற குழம்பில் கலந்தாலும், வெயிலில் நிற்கும் காரில் டப்பாவை விட்டுவைத்தாலும் நொதி கெட்டுவிடும். இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. பின்னால் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, சொல்லாமலேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

எண்ணெயை ஒதுக்கச் சொல்லக்கூடாது. ஏற்கெனவே இளைத்த உடம்பு அது. எண்ணெயைக் குறைப்பதைவிட நொதியைச் சரியான அளவுக்குக் கூட்டுவது மேல். வைட்டமின் ஏ, டி, ஈ, கே அளவுகளையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்க வேண்டும்.

கேப்ஸ்யூல் வேலை செய்ய ஆரம்பித்ததும் உணவு உடம்பில் சேரும், சர்க்கரை ஏறும், இன்சுலினைத் திருத்த வேண்டிவரும். ஆனால் அவசரப்பட்டுக் கூட்டிவிடக்கூடாது. சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் சுரக்கும் செல்களும் அழிந்திருப்பதால் சர்க்கரை கீழே இறங்கினால் தானாக மேலேறாது. சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாளில் மயங்கி விழுவது இவர்கள்தான்.

வலிக்குக் காரணம் முதன்மைக் குழாயை அடைத்த 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் என்றால் அதிர்வலையால் உடைத்து, தேவைப்பட்டால் ஈஆர்சிபியில் (வாய் வழியே உள்நோக்கியை விட்டுச் செய்யும் சிகிச்சை) எடுக்கலாம். கணையத்தின் தலைப்பகுதி வீங்கியிருந்தால் ஃப்ரே அறுவையை (தலைப்பகுதியைக் குடைந்தெடுத்து, கணையக் குழாயைத் திறந்து குடலோடு இணைப்பது) கடைசி வரை தள்ளிப்போடுவது நல்லதல்ல. வலி நிவாரணியிலேயே வருடங்களை ஓட்டினால் நரம்புகளே வலியை உணர்ந்துகொண்டே இருக்கப் பழகிவிடும், பிறகு கல்லை எடுத்தாலும் வலி நிற்காமல் போகலாம்.

வருடக்கணக்கில் சீராக இருந்தவருக்குத் திடீரென வலியின் தன்மை மாறினாலோ, சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எடை இறங்கினாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ பழைய நோய்தானே என்று மருந்தை மட்டும் கூட்டி அனுப்பாதீர்கள். இவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தாமதிக்காமல் சிடி எடுத்துவிடுங்கள்.