தகடு ஒன்று சொன்னது, தகரம் வேறு சொன்னது: பழைய மினி கூப்பர் எஸ் ரேஸ் கார் பார்க்கப் போன அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வண்டியை வாங்கவில்லை. அதற்காக இரண்டு தடவை போய் வந்தேன். முதல் தடவை வீணானதற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். போனிலேயே நாலு போட்டோ கேட்டிருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே பாதி உண்மை தெரிந்திருக்கும்.

விளம்பரத்தில் போட்டிருந்தது: 1965 ஆஸ்டின் மினி கூப்பர் எஸ், 1275 சிசி, அந்தக் காலத்திலேயே ரேஸ் ஓடியது, பேப்பர் எல்லாம் பக்கா. (கூப்பர் எஸ் என்பது மினியில் வேகத்துக்காகச் செய்த வகை; ஆஸ்டின், மாரிஸ் என்று இரண்டு பெயரிலும் விற்றது.) இங்கிலாந்தில் 1965க்கும் 1966க்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் கணக்கில் 1962 முதல் 1965 வரை எஃப் காலப் பிரிவு; 1966இல் ஜி1 தொடங்கிவிடும். எஃப் பிரிவு வண்டிக்குக் கிடைக்கும் ரேஸ் அழைப்பும் அதிகம், விலையும் அதிகம். அதனால் 1967 வண்டி 1965 ஆவதும், சாதாரண மினி ஒன்று கூப்பர் எஸ் ஆவதும் இந்தச் சந்தையில் புதிதில்லை.

என்னை ஏமாற்றப் பார்த்தது ஹெரிடேஜ் சான்றிதழ். கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகம் தருவது. சேசிஸ் எண், என்ஜின் எண், பாடி எண், நிறம், தொழிற்சாலையை விட்டு வெளியேறிய தேதி, எந்த டீலருக்குப் போனது என்று எல்லாம் இருக்கும். விற்பவர் அதை ஃபிரேம் போட்டே வைத்திருந்தார். தகட்டில் உள்ள சேசிஸ் எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றேதான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். நானும் அரை மனதாகத் தலையாட்டினேன்.

அந்தச் சான்றிதழ் எண்ணுக்குக் கொடுக்கப்படுவது, எதிரே நிற்கும் வண்டிக்கு இல்லை. "இந்த எண்ணோடு ஒரு கூப்பர் எஸ் இந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுப் போனது" என்பதுதான் அது சொல்லும் செய்தி. நம் முன்னால் நிற்பது அதே வண்டியா என்பது அதற்குத் தெரியாது. எஃப்ஐஏவின் ஹெச்டிபி (பழைய ரேஸ் காருக்கான தொழில்நுட்பப் பாஸ்போர்ட்) புத்தகமும் அப்படித்தான். வண்டியின் அமைப்பு அந்தக் கால விதிக்குள் இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. வண்டியின் பூர்வீகத்துக்கு அது சாட்சி இல்லை. இந்த இரண்டையும் காட்டி விலையை ஏற்றுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

அடுத்த பொறி சேசிஸ் எண்ணின் முன்னொட்டு. ஆஸ்டின் கூப்பருக்கு சி-ஏ2எஸ்7, மாரிஸ் கூப்பருக்கு கே-ஏ2எஸ்4. அதில் வரும் 'எஸ்' கூப்பர் எஸ்ஸைக் குறிக்காது. '2எஸ்' என்றால் இரண்டு கதவு சலூன், அவ்வளவுதான். மார்க் 1இல், அதாவது மினியின் முதல் தலைமுறையில், சாதாரண 997, 998 சிசி கூப்பருக்கும் இதே முன்னொட்டுதான். விற்பவர் அந்த எழுத்தை விரலால் தொட்டுக் காட்டி "பாருங்கள், எஸ்" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 1275 எஸ்ஸைப் பிரித்துக் காட்டுவது என்ஜின் எண்: 9எஃப்-எஸ்ஏ-ஒய் என்று தொடங்கும்.

ஆனால் அந்த எண்ணும் தகடுதான். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகடு. சேசிஸ் எண்ணும் பாடித் தகரத்தில் அடிக்கப்படவில்லை. பானெட் பூட்டு உட்காரும் முன் பட்டையில் ஒரு தகடாகத்தான் இருக்கும். பாடி எண்ணும் அதன் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு. புதுத் தகடு வாங்குவது கடினமே இல்லை. ரேஸ் மினியில் இன்னொரு சிக்கல்: முன்பக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டு, ஒரே துண்டு ஃபைபர் மூக்கு மாட்டிவிடுவார்கள். அந்தப் பட்டையே போய்விடும். நான் பார்த்த வண்டியில் சேசிஸ் தகடு பல்க்ஹெட்டில் (என்ஜினுக்கும் உள் அறைக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்), பளபளக்கும் புது அலுமினிய ரிவெட்டில் உட்கார்ந்திருந்தது. பாடி எண் தகட்டைக் காணோம். "ரேஸ் கார்தானே" என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில்.

முதல் தடவை இதற்குமேல் பார்க்க முடியவில்லை. வண்டி டிரெய்லர் மேலேயே நின்றது. ஜாக் இல்லை, வெளிச்சம் இல்லை, பழைய லாக்புக் (வண்டியின் பதிவுப் புத்தகம்) "வேறு இடத்தில்" இருந்தது. போகும் முன்பே கேட்டு வாங்க வேண்டிய போட்டோக்கள்: சேசிஸ் தகடு ரிவெட்டோடு, என்ஜின் எண் தகடு, முன் சப்ஃபிரேம் (என்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டம்) டவர் போல்ட் இரண்டு பக்கமும், பின்கண்ணாடி முழுதாக. தர மறுத்தால் பெட்ரோல் மிச்சம் என்று இருந்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை கையோடு கொண்டுபோனவை: டார்ச், நீளும் கைப்பிடி வைத்த பல் டாக்டர் கண்ணாடி, காந்தம், வெர்னியர், பெயின்ட் தடிமன் மீட்டர். குட்டை உடைத்தது இதில் எதுவும் இல்லை, டவர் போல்ட்தான். பானெட்டைத் திறந்து, பல்க்ஹெட்டை ஒட்டிய குறுக்குச் சட்டத்தின் இரு ஓரத்தையும் பாருங்கள். முன் சப்ஃபிரேமின் டவர் அங்கேதான் பாடியோடு சேர்கிறது. 1976 வரை பக்கத்துக்கு இரண்டு போல்ட். அதற்குப் பிறகு ரப்பர் மவுன்ட் வந்ததும் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, 1 5/16 அங்குல சாக்கெட் கேட்கும் பெரிய போல்ட். '1965' வண்டியில் பக்கத்துக்கு ஒன்றுதான் இருந்தது. அதாவது தகடு 1965, அதைச் சுமக்கும் பாடி குறைந்தது பதினோரு வருடம் இளையது.

அதன்பின் மற்றதெல்லாம் தானாக அவிழ்ந்தது. மார்க் 1 கதவுக்கு வெளிக்கீல், தள்ளித் திறக்கும் கண்ணாடி. 1969இல் வந்த மார்க் 3இல் கீல் உள்ளே போனது, கண்ணாடி சுற்றி இறக்குவதானது. இந்த வண்டியில் வெளிக்கீல் இருந்தது. ஆனால் கதவு நிலையின் உள்பக்கத்தில் பழைய உள்கீல் இருந்த இடத்தை வெல்டு வைத்து மூடிய தடம் விரலில் தட்டியது. மார்க் 1இன் பின்கண்ணாடி மார்க் 2இலிருந்து வந்ததைவிடச் சிறியது. அதைச் சுற்றி மீட்டர் வைத்தால் 1,000 மைக்ரானைத் தாண்டிக் காட்டியது. திறப்பைச் சுருக்கி, மேலே புட்டி பூசி, நல்ல கைதேர்ந்த டிங்கரிங். வேலை சுத்தம் என்பதை மறுக்க முடியாது. மழைநீர் காடியில் வரிசையாகத் தெரிய வேண்டிய தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு குழிகளுக்குப் பதில், பட்டறையில் வைத்து அரைத்து மழித்த மிக் வெல்டு.

என்ஜினிலும் ஒன்று. எஸ் பிளாக்கில், பல்க்ஹெட்டைப் பார்த்த பக்கம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கழற்றக்கூடிய டாப்பெட் மூடி (வால்வைத் தள்ளும் பாகங்களை மறைப்பது) இரண்டு இருக்கும். பிற்கால மினியான 1275 ஜிடியின் பிளாக்கில் அந்த இடம் வெறும் வார்ப்பு. நேராகப் பார்த்தால் தெரியாது. பல் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். மூடி இல்லை. ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட், போல்ட் மொத்தம் 11 இருந்ததைக் காட்டி எஸ் என்று விற்பவர் வாதாடினார். ஜிடி பிளாக்கிலும் துளை போட்டு 11 ஆக்கலாம், அது சாட்சியாகாது. 7.5 அங்குல முன் டிஸ்க், ஸ்பேசர் சேர்ந்தே வரும் பின் டிரம், லூகாஸ் 40819 டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சரியாகவே இருந்தன. காசு கொடுத்தால் கிடைக்கும் சாமான் எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பாடி மாற்றுவது இந்த வண்டிகளில் பாவமில்லை. அடிபட்டால் புதுப் பாடிக்குப் பழைய தகட்டை மாற்றுவது அன்றைய ரேஸ், ராலி உலகின் வழக்கம். மினியைத் தயாரித்த பிஎம்சி நிறுவனத்தின் ஆபிங்டன் போட்டிப் பிரிவே அதைச் செய்திருக்கிறது. 1966இல் மாற்றியதற்கு அந்தக் காலத்து பில் இருந்தால் அதுவும் வரலாறு. சொல்லாமல் மறைத்து, முழு விலை கேட்பதுதான் பிரச்சினை. இதை நான் சொன்னதும் விலை சட்டென்று மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. அந்த வேகமே போதுமான பதிலாக இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு மாரிஸ். பாடி எண் தகடு இருந்தது, சான்றிதழோடு பொருந்தியது, டவருக்கு இரண்டிரண்டு போல்ட், டாப்பெட் மூடி இரண்டும் இருந்தன. அரை நாளில் முடிந்தது. அதிலும் ரேஸ் வரலாறு என்று சொன்ன பகுதி தடுமாறியது. கொடுத்த போட்டோ கருப்பு வெள்ளை, பதிவு எண் தெரியவில்லை. 1974க்கு முந்தைய மடிப்பு லாக்புக்தான் காப்பாற்றியது. கவுன்டி கவுன்சில் முத்திரையோடு உரிமையாளர் பெயர்களும், நிறம் மாறியதும், என்ஜின் மாறியதும் வரிசையாக இருக்கும். அதிலிருந்த ஒரு பெயரை வைத்துப் பழைய ஆட்டோஸ்போர்ட் இதழ்களின் கிளப் ரேஸ் முடிவுகளில் தேடினேன். வகுப்பும் பெயரும் இரண்டு இடத்தில் பொருந்தின. இப்போதைய பிரிட்டிஷ் பதிவுச் சான்றிதழான வி5சி இதற்கு உதவாது. அது உரிமைக்கே ஆதாரம் இல்லை என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது.

இந்த மாரிஸை விற்றவர் ரசீதில் "மினி, ஒன்று" என்று எழுதி நீட்டினார். திருப்பிக் கொடுத்து, ஆண்டு, சேசிஸ் எண், என்ஜின் எண், பாடி எண், "பாடி மாற்றப்படவில்லை என்று விற்பவர் கூறுகிறார்" என்ற வரி எல்லாம் எழுதச் சொன்னேன். தனியார் விற்பனையில் பின்னால் ஏதாவது பொய் என்று தெரிந்தால், விற்பவர் என்ன சொன்னார் என்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் கையில் இருக்கும். முகம் சுளித்தபடி எழுதினார். கையெழுத்து போட்ட பிறகுதான் பணத்தை அனுப்பினேன்.