மேரிலாந்தில் மூன்று நாள் வான்கோழி சீசன்: காட்டை விடக் கவுன்டர்தான் கஷ்டம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குளிர்கால வான்கோழி வேட்டை சீசன் மொத்தமே மூன்று நாள். 2024இல் அது ஜனவரி 18 வியாழன் முதல் 20 சனி வரை. அந்த மூன்று நாளுக்குள் ஒரு பறவையோடு வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஆனால் காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் துப்பாக்கிக் கடைக் கவுன்டர்களில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. எச்-1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் "விசாக்காரனுக்குத் துப்பாக்கி கிடையாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆசையை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாடத்தை ஆன்லைனில் படித்து, ஒரு நாள் நேரில் போய்ச் சுட்டுக் காட்டினால் சான்றிதழ் வந்துவிடும். 1977 ஜூலைக்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் தவிர புதிதாக வரும் யாருக்கும் அது வேண்டும். சான்றிதழ் எண்ணைக் கொடுத்து வேட்டை லைசென்ஸை ஆன்லைனில் வாங்கினேன். வான்கோழிக்கென்று தனி ஸ்டாம்ப் (கூடுதல் கட்டணச் சீட்டு) எதுவும் அப்போது தேவைப்படவில்லை.

சிக்கல் பெயரில் தொடங்கியது. நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துக் கொடுப்பார்கள், டிரைவிங் லைசென்ஸிலும் அப்படியே ஏறிவிடும். என்னுடையதும் அதே கதைதான். ஆனால் வகுப்பு நடத்தியவர்கள் சான்றிதழில் என் பெயரை முதல் பெயராகவும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் அச்சடித்துவிட்டார்கள், வேட்டை லைசென்ஸும் அதே பெயரில் வந்தது. காட்டில் இது பிரச்சினையே இல்லை. கடையில் பெரிய பிரச்சினை.

முதலில் போன கடையில் கவுன்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "விசாவில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் விற்பதில்லை, சட்டம் அப்படி" என்றார். சட்டம் அப்படி இல்லை. குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்ற தடை 1998இல் வந்தது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தில் விலக்குகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது. துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற 4473 என்ற மத்திய அரசுப் படிவத்திலேயே அந்த விலக்கைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. "படிவத்தை எடுங்கள், அந்தக் கேள்வியைக் காட்டுகிறேன்" என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் எடுத்துப் படித்தார். பிறகு இரண்டு லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேறு ஆள், இது வேறு ஆள்" என்று இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். மேலாளரைக் கேட்டேன், வரவில்லை.

பெயரைத் திருத்துவது பயந்த அளவுக்கு இல்லை. பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பழைய சான்றிதழ் மூன்றையும் கொண்டுபோய் நேரில் காட்டினேன், சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். உங்கள் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், வகுப்பில் பெயரைப் பதியும்போதே டிரைவிங் லைசென்ஸில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கேட்டு வாங்குங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது கடையில் இருந்தவருக்கு விலக்கு தெரிந்திருந்தது. பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி, தற்போதைய முகவரி உள்ள டிரைவிங் லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் எல்லாவற்றையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஐ-94 எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். கடைசியாக நாட்டுக்குள் வந்தபோது கிடைத்த எண்ணாக அது இருக்க வேண்டும், பழைய பிரதி உதவாது. 12 கேஜ் பம்ப் ஷாட்கன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், ரவை என்னும் சின்னச் சின்னக் குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி அது. எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதில்: தாமதம்.

இது எனக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. குடியுரிமை இல்லாதவர் என்றாலே குடியேற்றப் பதிவையும் சேர்த்துச் சரிபார்ப்பார்கள், அதனால் பெரும்பாலும் 'தாமதம்' என்றுதான் முதலில் வரும். மூன்று வேலை நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுக்க மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. 'அனுமதிக்கிறது' என்பதோடு சரி, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்த நாட்கள் கழிந்து போய் நின்றால், "ஒப்புதல் வராமல் கொடுப்பதில்லை, எங்கள் கடை வழக்கம்" என்றார்கள். பணம் கட்டும்போது இந்த வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவில் சனி, ஞாயிறு, திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி மூன்றாம் திங்கள் அந்த விடுமுறை வரும், சீசன் அதே வாரத்தில் வந்து நிற்கும். ஒப்புதல் புதன்கிழமை மாலைதான் வந்தது. மறுநாள் விடிந்தால் சீசன்.

ஆகவே, இதையெல்லாம் டிசம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், "தாமதம் என்று வந்தால் மூன்று வேலை நாளில் கொடுப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் கிராஸ்போவோ (விசை வைத்த வில்) சாதா வில்லோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த சீசனில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. துப்பாக்கிச் சட்டம் அவற்றைத் தொடாது.

துப்பாக்கியோடு தோட்டாவும் வாங்கினேன். கவுன்டரில் எடுத்து வைத்தது 2ஆம் எண் ரவை போட்ட பெட்டி. விதி 4ஆம் எண் அல்லது அதற்கும் சிறிய ரவை என்கிறது. எண் கூடக் கூட ரவை சிறிதாகும். ஆக 4, 5, 6 ஆகலாம், 2 ஆகாது. "வான்கோழிக்கு இதுதான் நல்லது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். விதிப் புத்தகத்தைக் காட்டி 5ஆம் எண் வாங்கிக்கொண்டு வந்தேன். காட்டில் பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது அவர் இல்லை.

முதல் நாள் சார்ல்ஸ் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு பண்ணை. நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு நவம்பரிலிருந்தே என்னிடம் இருந்தது. இருட்டோடு போய் இறங்கினால் வரப்பில் வேறு ஒரு வண்டி. அதில் இருந்தவர்கள் தங்கள் சீட்டைக் காட்டினார்கள், அதில் வேறு கையெழுத்து. எனக்குச் சீட்டுக் கொடுத்தவர் வயலைக் குத்தகைக்கு உழுகிறவராம். நிலம் அவருடையது இல்லை. "என் நிலம், தாராளமாக வாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனிதர். போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த நிலத்தில் இன்னொரு பொறியும் இருந்தது: மான் சீசனுக்காகக் கொட்டிய மக்காச்சோளக் குவியல். மேரிலாந்தில் பெரும்பாலான தனியார் நிலங்களில் மானுக்கு இரை போடலாம், வான்கோழிக்குக் கூடாது. மானுக்குப் போட்ட சோளத்தைத் தேடி வரும் வான்கோழியைச் சுட்டாலும் குற்றம்தான். தனியார் நிலம் என்றால் ஆன்லைன் நிலப் பதிவில் உரிமையாளர் பெயரைப் பாருங்கள், பகலில் ஒருமுறை நடந்து இரை ஏதும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த நாளை அப்படியே விட மனம் வரவில்லை. மதியம் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் தளத்துக்குப் போய்க் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். வான்கோழியை உடம்பில் சுடக் கூடாது. சிறகும் மார்பும் ரவையைத் தாங்கிவிடும், பறவை காயத்தோடு பறந்துபோய் எங்கோ சாகும். தலையும் கழுத்தும்தான் குறி. பெட்டியில் 40 கஜம் வரை போகும் என்று அச்சடித்திருந்தது. என் துப்பாக்கியில் 40இல் ரவை சிதறி நடுவில் ஓட்டை விழுந்தது, 30இல் கச்சிதம். 30ஐத் தாண்டிச் சுடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். இதைப் பார்க்காமல் காட்டுக்குப் போவது பறவைக்குச் செய்கிற அநியாயம்.

வெள்ளிக்கிழமை பனி கொட்டியது, சாலையில் இறங்க முடியவில்லை.

சனிக்கிழமை மேற்கே அல்லெகனி கவுன்டியில் உள்ள கிரீன் ரிட்ஜ் மாநிலக் காட்டுக்குப் போனேன். அரசுக் காடு, யாரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டாம். ஓக் மரமும் ஹிக்கரி மரமும் நிறைந்த வறண்ட மலைச்சரிவுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் வான்கோழி என்று எஞ்சியிருந்தது இந்த மேற்கு மலைகளில்தான். காடழிப்பும் கணக்கில்லாத வேட்டையும் மற்ற இடங்களில் துடைத்துவிட்டன. பிறகு காட்டுப் பறவைகளை வலையில் பிடித்துக் கவுன்டி கவுன்டியாகக் கொண்டுபோய் விட்டார்கள், இன்று எல்லாக் கவுன்டியிலும் இருக்கின்றன. 1937இல் வந்த சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி போகிறது, இதுபோன்ற மறுவாழ்வு வேலைகளுக்குப் பணம் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கவுன்டர்களில் நின்று நான் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனது என்பதில் எனக்கு உண்மையான நிறைவு.

வசந்த கால வேட்டைப் பாடத்தை ஜனவரியில் மறந்துவிட வேண்டும். சேவல் கூவாது, பெட்டையின் குரலுக்கு ஓடியும் வராது. வயது வந்த சேவல்கள் தனிக் கூட்டம், பெட்டைகளும் அந்த ஆண்டுக் குஞ்சுகளும் தனிக் கூட்டம். பனியில் மூன்று விரல் தடம் தெளிவாகத் தெரிந்தது. தெற்குப் பார்த்த சரிவில் வெயில் பட்டு பனி மெலிந்த இடங்களில், ஓக் கொட்டை தேடிச் சருகைக் கிளறிப் போட்டிருந்தன. தடத்தைத் தொடர்ந்து போனதில் ஒரு கூட்டம் என்னைப் பார்த்து நாலா பக்கமும் பறந்தது. இந்தக் காலத்தில் அது நல்ல செய்தி. சிதறிய குஞ்சுகள் மறுபடி ஒன்றுசேரப் பார்க்கும்.

என் தோளை விட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். நடக்கும்போது போட்டிருந்த ஆரஞ்சு உடையை மரத்தில் மேலே தெரியும்படி கட்டினேன். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, சேவலின் தலை நிறம் அவைதான், இன்னொரு வேட்டைக்காரர் உங்களையே சேவல் என்று நினைத்துவிடலாம். யாராவது நெருங்கி வந்தால் கையை ஆட்டாமல் சத்தமாகப் பேசுங்கள். குரல் வந்த திசையை நோக்கிப் பதுங்கிப் போகவே போகாதீர்கள்.

கொஞ்ச நேரம் விட்டு, வாயில் அடக்கி ஊதும் டயாஃப்ரம் என்ற கருவியில் 'கீ கீ கீ' என்று வழிதவறிய குஞ்சின் குரலைக் கொடுத்தேன். பதிவு செய்த குரலை ஒலிக்கவிடும் மின்னணுக் கருவி சட்டப்படி கூடாது. கீழே சரிவிலிருந்து பதில் வந்தது. வான்கோழிக்கு மோப்பம் போதாது, ஆனால் கண் கூர்மையோ கூர்மை. விரல் அசைந்தாலும் போச்சு. துப்பாக்கியை முன்பே முழங்கால் மேல் ஏற்றி வைத்திருந்தேன். ஓர் இளம் சேவல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. 30 கஜத்துக்குள் வரட்டும் என்று காத்திருந்து ஒரே வெடி. விழுந்த இடத்திலேயே முடிந்தது.

பறவையை நகர்த்துவதற்கு முன்பே டேக்கை (அடையாளச் சீட்டு) நிரப்பிக் கட்ட வேண்டும். குளிரில் பேனா எழுதவில்லை, அதனால் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் போனிலோ இணையத்திலோ பதிவும் செய்ய வேண்டும். நான் நின்ற இடத்தில் சிக்னல் இல்லை, நெடுஞ்சாலைக்கு வந்தபின்தான் முடிந்தது. கிடைத்த உறுதி எண்ணை உடனே எழுதி வையுங்கள்.

மார்பை மெல்லிசாக நறுக்கி மிளகு போட்டு வறுத்தோம், அருமை. கால் கறியைக் குக்கரில் கறிக்கோழி போல நினைத்து வைக்காதீர்கள். நார் நாராக இருக்கும், நாட்டுக்கோழியை விட நிறைய விசில் கேட்கும்.

விசாக்காரர்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, இதை யாரும் கவுன்டரில் சொல்லவில்லை. மேரிலாந்து வேட்டை லைசென்ஸ் ஜூலை 31உடன் முடிகிறது. உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை அந்த லைசென்ஸில்தான் தொங்குகிறது, ஆகவே ஆகஸ்ட் 1 காலையில் புது லைசென்ஸ் இல்லாமல் அது வீட்டு அலமாரியில் இருந்தாலே மத்தியச் சட்டப்படி குற்றம். ஜூலையிலேயே புதுப்பித்து, அச்சுப்பிரதியைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.